உங்கள் கோப்பை ஒருமுறை காதால் படித்துப் பாருங்கள்

ஒரு சங்கத்தின் சுற்றறிக்கையைத் தயார்செய்து அனுப்பும் வேலை சில காலம் என் தலையில் இருந்தது. முதல் சுற்றறிக்கை பன்னிரண்டு பக்கம். அச்சடித்து, தலைவரிடம் கையெழுத்து வாங்கி, பக்கம் பக்கமாக ஸ்கேன் செய்து, பன்னிரண்டு படங்களாக வாட்ஸப் குழுவில் போட்டுவிட்டு நிம்மதியாக உட்கார்ந்தேன். கால் மணி நேரத்தில் உறுப்பினர் ஒருவரிடமிருந்து போன். பார்வையில்லாதவர். "அண்ணே, பன்னிரண்டு போட்டோ வந்திருக்கு. யார் வீட்டு விசேஷம்?" என்றார்.

அவர் போன் அவரிடம் சொன்னது அவ்வளவுதான்: படம், படம், படம்.

அன்றைக்குப் பிறகு கொஞ்சம் கொஞ்சமாகக் கற்றுக்கொண்டதை இங்கே வரிசையாக எழுதுகிறேன். அறிவிப்பு, சுற்றறிக்கை, பாடக்குறிப்பு, அலுவலகக் கடிதம் என்று எதையாவது தட்டச்சு செய்து நாலு பேருக்கு அனுப்புகிற, இந்த விஷயத்தை இதுவரை யோசித்தே பார்த்திராத ஒருவருக்காக எழுதுவது. நிரல் எழுதத் தெரிந்திருக்க வேண்டாம்.

1. எதையும் திருத்துவதற்கு முன்னால், கேளுங்கள்

பார்வையில்லாதவர்கள் போனையும் கணினியையும் திரைவாசிப்பான் என்ற மென்பொருளை வைத்துத்தான் இயக்குகிறார்கள். திரையில் இருப்பதை அது குரலில் சொல்லும். பிரெயில் கருவியை இணைத்திருந்தால் விரல்நுனியில் புள்ளிகளாகத் தரும். ஆண்ட்ராய்டில் டாக்பேக், ஐபோனில் வாய்ஸ்ஓவர், விண்டோஸ் கணினியில் என்விடிஏ. முதல் இரண்டும் பெரும்பாலும் போனோடு சேர்ந்தே வருபவை. என்விடிஏவை இலவசமாக இறக்கிக்கொள்ளலாம். 2006இல் ஆஸ்திரேலியாவில் மைக்கேல் கரன் எழுதத் தொடங்கி, அப்புறம் ஜேம்ஸ் டேவும் சேர்ந்து வளர்த்தது. இருவருமே பார்வையில்லாதவர்கள். விலை கொடுத்து வாங்க வேண்டியிருந்த மென்பொருள் எல்லோர் கைக்கும் எட்டவில்லை என்பதால் தாங்களே எழுதிவிட்டார்கள்.

ஆண்ட்ராய்டு போனில் அமைப்புகளுக்குள் போய் அணுகல்தன்மை என்ற பகுதியைத் திறந்தால் டாக்பேக் இருக்கும். அதை இயக்குவதற்கு முன்னால் அதே பக்கத்தில் இருக்கும் குறுக்குவழியை இயக்கிவிடுங்கள். இரண்டு ஒலிப் பொத்தான்களையும் சேர்த்துச் சில விநாடி அழுத்திப் பிடித்தால் டாக்பேக் நின்றுவிடும்படி அமைத்துக்கொள்ளலாம். இது முக்கியம். ஏனென்றால் டாக்பேக் வந்ததும் போனின் பழைய பழக்கமெல்லாம் மாறிவிடும். ஒரு தட்டு தட்டினால் திறக்காது, வாசிக்கும். திறக்க இரண்டு தட்டு. மேலே கீழே நகர்த்த இரண்டு விரல். வலப்பக்கம் ஒரு விரலால் தேய்த்தால் அடுத்த உருப்படிக்குப் போகும். இது தெரியாமல் ஆரம்பித்த நான், நிறுத்தவும் வழி தெரியாமல் பக்கத்து வீட்டுப் பையனைக் கூப்பிட வேண்டியதாயிற்று.

சரி, இயக்கியாகிவிட்டதா? நீங்கள் கடைசியாக அனுப்பிய அறிவிப்பைத் திறந்து, கண்ணை மூடிக்கொண்டு, ஒரே ஒரு தகவலைத் தேடுங்கள். கூட்டம் என்றைக்கு, எத்தனை மணிக்கு? அவ்வளவு போதும். எங்கே தொலைந்தீர்கள், எங்கே எரிச்சல் வந்தது என்று ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள். இனிமேல் சொல்லப்போகிற பலவும் அந்தத் தாளில் இருக்கும்.

போன் தமிழ் வரிகளைத் தாண்டிப் போகிறது என்றால் உடனே கோப்பைக் குறை சொல்லாதீர்கள். தமிழ்க் குரல் நிறுவப்படாத கருவி அப்படிச் செய்யக்கூடும். உரையிலிருந்து பேச்சு என்ற அமைப்புக்குள் போய்த் தமிழ்க் குரலை இறக்கிக்கொண்டு மறுபடி கேளுங்கள்.

2. எழுத்து எழுத்தாக இருக்கிறதா?

மற்ற எல்லாவற்றையும்விட இதில்தான் தமிழ்க் கோப்புகள் அதிகம் விழுகின்றன. அதனால் கொஞ்சம் நின்று பார்ப்போம்.

கண்ணுக்கு எழுத்தாகத் தெரிவதெல்லாம் கணினிக்கு எழுத்தாக இருப்பதில்லை. சோதிக்க எளிய வழி ஒன்று உண்டு. கோப்பில் ஒரு வரியை அழுத்திப் பிடித்துத் தேர்ந்தெடுங்கள். நகலெடுத்து, வெறும் நோட்பேடில் ஒட்டுங்கள். என்ன வருகிறது என்று பாருங்கள்.

வரியைத் தேர்ந்தெடுக்கவே முடியவில்லை என்றால் அது படம். ஸ்கேன் செய்த பக்கம், போனில் எடுத்த போட்டோ, வடிவமைப்புச் செயலியில் செய்த அழைப்பிதழ் எல்லாம் இந்த வகை. கையெழுத்துக்காகத்தான் ஸ்கேன் செய்கிறோம் என்றால், கையெழுத்துப் போட்ட படத்தோடு மூலக் கோப்பையும் சேர்த்து அனுப்புங்கள். நான் இப்போது செய்வது அதுதான். வாட்ஸப்பில் அழைப்பிதழ் படம் போட்டால் அதற்குக் கீழேயே நாள், நேரம், இடம் எல்லாவற்றையும் தட்டச்சு செய்துவிடுகிறேன். இரண்டு நிமிட வேலை. படம் திறக்காத போன் வைத்திருப்பவர்களும் வாழ்த்துகிறார்கள்.

மூலக் கோப்பே இல்லை, ஸ்கேன் மட்டும்தான் இருக்கிறது என்றால், படத்தில் இருக்கும் எழுத்தைத் தட்டச்சு எழுத்தாக மாற்றித் தரும் எழுத்துணரி உதவும். டெஸராக்ட் என்ற இலவச மென்பொருளுக்குத் தமிழ் தெரியும். கூகுள் டிரைவில் ஏற்றி ஆவணமாகத் திறந்தாலும் எழுத்து வந்துவிடும். ஆனால் வந்ததை அப்படியே அனுப்பிவிடக் கூடாது. ரகரமும் துணைக்காலும் அதற்குக் குழம்பும். மெய்யின் மேல் இருக்கும் புள்ளியை மங்கலான தாளில் விட்டுவிடும். ஒருமுறை உட்கார்ந்து மெய்ப்புப் பார்த்தே ஆக வேண்டும். பார்வையில்லாதவர்களுக்காகப் புத்தகங்களை இப்படி மாற்றுவதற்குப் பதிப்புரிமை தடையாக நிற்கக் கூடாது என்பதற்காகவே 2013இல் மராகேஷ் ஒப்பந்தம் உருவானது. அதை எப்படி நடைமுறைப்படுத்தியிருக்கிறார்கள் என்பது நாட்டுக்கு நாடு வேறுபடும்.

அடுத்த வகை, ஒட்டியதும் ஆங்கில எழுத்துக் குப்பையாக வருவது. எல்லாக் கருவிகளும் ஒரே மாதிரி புரிந்துகொள்ளும் பொது எழுத்துக் குறியீடான யூனிகோடு பரவுவதற்கு முந்தைய எழுத்துருக்களில் தட்டச்சு செய்த கோப்புகள் இவை. பாமினி எழுத்துருவில் 'அம்மா' என்று அடித்தால் திரையில் அழகாக அம்மா தெரியும். உள்ளே சேமிக்கப்பட்டிருப்பதோ ஆங்கில எம், கே, ஓர் அரைப்புள்ளி, மறுபடி கே, எச். எழுத்துரு என்பது மேலே போர்த்திய துணி மாதிரி; திரைவாசிப்பான் துணியைப் பார்க்காது, உள்ளே இருப்பதைத்தான் வாசிக்கும். 'தமிழ்' என்ற சொல்லே ஜே, கே, பி, ஓ, அரைப்புள்ளி என்று காதில் விழும். ஒரு பக்கம் முழுக்க இப்படிக் கேட்டுப் பாருங்கள், தலை சுற்றும். இதற்குத் தீர்வு எளிது. எழுத்துரு மாற்றி என்று தேடினால் பழைய குறியாக்கத்தை யூனிகோடுக்கு மாற்றித் தரும் கருவிகள் கிடைக்கும். புதிதாக அடிப்பதை யூனிகோடிலேயே அடியுங்கள். 1991இல் வந்த முதல் பதிப்பிலிருந்தே யூனிகோடில் தமிழ் இருக்கிறது. அச்சகத்தில் பழைய எழுத்துருதான் கேட்கிறார்கள் என்றால் அச்சுக்கு அதைக் கொடுங்கள், படிப்பவருக்கு இதைக் கொடுங்கள்.

மூன்றாவது வகைதான் ஏமாற்றுவது. பிடிஎஃப் கோப்பு, யூனிகோடில் அடித்ததுதான், தேர்ந்தெடுக்கவும் முடிகிறது. ஒட்டிப் பார்த்தால் கொம்புகள் இடம் மாறி நிற்கின்றன. 'கேள்வி' என்ற சொல்லில் இரட்டைக்கொம்பு தனியாகப் பிரிந்து முன்னால் வந்துவிடும். காரணம் இது: கண்ணுக்குக் கொம்பு முதலில், ககரம் பிறகு. யூனிகோடு சேமிப்பதோ உச்சரிப்பு வரிசையில், ககரம் முதலில், கொம்பு பிறகு. சில மென்பொருள்கள் பிடிஎஃப் ஆக்கும்போது வரைகிற வரிசையையே எழுதிவிடுகின்றன. பார்ப்பவருக்கு எந்த வித்தியாசமும் தெரியாது. கேட்பவருக்குச் சொல் உடைந்துபோகும்.

இதனால்தான் யாராவது 'பிடிஎஃப் அனுப்பவா, வேர்டு அனுப்பவா' என்று கேட்டால் நான் யோசிக்காமல் வேர்டு என்கிறேன். பிடிஎஃப் கட்டாயம் என்றால், அச்சிடு என்பதன் வழியாக பிடிஎஃப் ஆக்காதீர்கள். வேர்டில் 'இவ்வாறு சேமி' வழியாகப் போய் பிடிஎஃப் என்று தேர்ந்தெடுத்து, விருப்பங்களில் அணுகல்தன்மைக்கான கட்டமைப்புக் குறிகள் என்ற பெட்டி தேர்வாகியிருக்கிறதா என்று பாருங்கள். அச்சு வழியில் போனால் தலைப்பு, பட்டியல் என்ற விவரமெல்லாம் உதிர்ந்துவிடும். சேமித்த பிறகு நோட்பேடில் ஒட்டும் சோதனையை மறுபடி ஒருமுறை செய்யுங்கள்.

3. தலைப்பைத் தலைப்பாக வையுங்கள்

பார்க்கிறவர்கள் ஒரு நீளமான கோப்பை முதல் வரியிலிருந்து படிப்பதில்லை. கண்ணை ஓடவிட்டு, தடித்த எழுத்துகளில் நின்று, வேண்டிய இடத்துக்குப் போகிறோம். திரைவாசிப்பானிலும் அதே வசதி இருக்கிறது. என்விடிஏவில் இணையப் பக்கம் ஒன்றைத் திறந்து எச் விசையை அழுத்தினால் அடுத்த தலைப்புக்குத் தாவும். இன்செர்ட்டும் எஃப்7உம் சேர்த்து அழுத்தினால் தலைப்புகளும் இணைப்புகளும் பட்டியலாக வந்து நிற்கும்.

ஆனால் எழுத்தைப் பெரிதாக்கித் தடிமனாக்கினால் அது தலைப்பு ஆகாது. மென்பொருளுக்கு அது கொஞ்சம் பருமனான வாக்கியம், அவ்வளவுதான். வேர்டிலோ கூகுள் டாக்ஸிலோ அந்த வரியில் நின்று கண்ட்ரோல், ஆல்ட், 1 மூன்றையும் அழுத்துங்கள். முதல்நிலைத் தலைப்பு ஆகிவிடும். 2 அழுத்தினால் இரண்டாம் நிலை. உருவம் பிடிக்கவில்லை என்றால் அந்தத் தலைப்புப் பாணியின் நிறத்தையும் அளவையும் மாற்றிக்கொள்ளலாம். நிலைகளைத் தாண்டாதீர்கள், ஒன்றிலிருந்து நான்குக்குப் போனால் நடுவில் எதையோ தவறவிட்டோம் என்று கேட்பவர் திரும்பிப் போய்த் தேடுவார்.

இதில் தமிழுக்கே உரிய தொல்லை ஒன்று. தலைப்பு விரிந்து தெரிய வேண்டும் என்று 'அ றி வி ப் பு' என எழுத்துகளுக்கு நடுவே இடைவெளி விட்டு அடிப்பது. காதில் அது ஐந்து உதிரி ஒலிகள். எழுத்துகளைத் தள்ளி வைக்க எழுத்துரு அமைப்பிலேயே வழி இருக்கிறது. இடைவெளி விசையைத் தொடாதீர்கள்.

4. படம் என்ன சொல்கிறது?

படத்தை வலச்சொடுக்கினால் மாற்று உரை என்று ஓர் இடம் கிடைக்கும். முகநூல், இன்ஸ்டாகிராம், எக்ஸ் எல்லாவற்றிலும் இது உண்டு. அங்கே நீங்கள் எழுதுவதைத்தான் திரைவாசிப்பான் படத்துக்குப் பதிலாக வாசிக்கும். புதியவர்கள் இங்கே இரண்டு பக்கமும் தவறுகிறார்கள். ஒன்று, 'கட்டடம்' என்று ஒற்றைச் சொல். இல்லையென்றால் வானத்தின் நீலம்வரை வருணித்து ஒரு கட்டுரை.

ஒரு படத்தை எடுத்துக்கொள்வோம். கட்டட வாசலில் மூன்று படி. கீழே சக்கர நாற்காலியில் ஒருவர். இந்தப் படம் சரிவுப்பாதை கேட்டு எழுதிய மனுவில் இருந்தால்: 'அலுவலக வாசலில் மூன்று படிகள், சரிவுப்பாதை இல்லை, சக்கர நாற்காலியில் வந்தவர் படிக்குக் கீழே காத்திருக்கிறார்.' அதே படம் கட்டடத்தின் வரலாறு பற்றிய கட்டுரையில் இருந்தால் கல் தூண்களும் வளைவும் சொல்லப்பட வேண்டும். அதாவது, இந்த இடத்தில் இந்தப் படத்தை ஏன் வைத்தீர்கள்? அதற்குப் பதிலை ஒன்றிரண்டு வாக்கியத்தில் எழுதிவிட்டால் மாற்று உரை தயார். 'இந்தப் படத்தில்' என்று ஆரம்பிக்க வேண்டாம். படம் என்பதைத் திரைவாசிப்பானே சொல்லிவிடும்.

வரைபடமாக இருந்தால் அது காட்டுகிற எண்ணைச் சொல்லுங்கள். ஓரத்துப் பூவேலை போல வெறும் அலங்காரம் என்றால் வேர்டிலேயே அலங்காரம் என்று குறித்துவிடலாம். திரைவாசிப்பான் சத்தமில்லாமல் தாண்டிப் போகும். அதுவும் ஒரு மரியாதைதான்.

5. காதில் குத்தும் சில்லறை விஷயங்கள்

'இங்கே அழுத்தவும்' என்று எட்டு இணைப்பு வைத்திருந்தால், இணைப்புப் பட்டியலில் 'இங்கே அழுத்தவும்' எட்டு முறை கேட்கும். 'விண்ணப்பப் படிவம்', 'கூட்ட நிகழ்ச்சி நிரல்' என்று அந்தந்தப் பெயரையே இணைப்பாக்குங்கள்.

வரிசையாகப் பத்துக் கும்பிடு எமோஜி போட்டால், கூப்பிய கைகள், கூப்பிய கைகள் என்று அத்தனையையும் சொல்லிக்கொண்டே போகிற குரல்கள் உண்டு. ஒன்று போதும், வாக்கியத்தின் கடைசியில். பத்திகளுக்கு நடுவே கோடு போடுவதாக நினைத்து நட்சத்திரக் குறிகளை வரிசையாக அடிப்பதும் இப்படித்தான். 'எ.கா.', 'மு.ப.' போன்ற சுருக்கங்களை விரித்து எழுதுங்கள், 'எ... கா' என்று காகம் கரைவது போல் வாசிக்கக் கேட்டிருக்கிறேன். பத்து இலக்கத் தொலைபேசி எண்ணை ஒட்டி அடித்தால் அதைக் கோடிக்கணக்கில் வாசிக்கிற குரலும் இருக்கிறது. ஐந்து ஐந்தாகப் பிரித்து அடித்தால் தீர்ந்தது.

அட்டவணையை மென்பொருளின் அட்டவணைக் கருவியால் போடுங்கள். டேப் விசையைத் தட்டித் தட்டி நெடுவரிசை அமைக்காதீர்கள். முதல் வரிசையைத் தலைப்பு வரிசை என்று குறித்துவிட்டால் ஒவ்வொரு எண்ணுக்கு முன்னாலும் அது 'வரவு', 'செலவு' எது என்று சேர்த்துச் சொல்லும். கட்டங்களை ஒன்றாக இணைத்தால் இந்தக் கணக்கு குழம்பிவிடும்.

6. கொஞ்சம் தெரிகிறவர்கள்

பார்வைக் குறைபாடு என்றதும் முழு இருட்டை நினைக்கிறோம். ஓரளவு பார்வை உள்ளவர்கள்தான் அதிகம். எழுத்தைப் பெரிதாக்கிப் படிப்பவர்கள், திரைக்கு அருகில் முகம் வைத்துப் படிப்பவர்கள். இவர்களுக்கு வெளிர்சாம்பல் எழுத்து பெரிய எதிரி. உலகளாவிய வலைக் கூட்டமைப்பு (W3C) என்ற அமைப்பு வெளியிடும் அணுகல்தன்மை வழிகாட்டுநெறிகள் இதற்கு ஓர் அளவு வைத்திருக்கின்றன. 2008இல் வந்த இரண்டாம் பதிப்பிலிருந்து, 2018, 2023 திருத்தங்கள்வரை அது மாறவில்லை: சாதாரண எழுத்துக்கும் பின்னணிக்கும் ஒளிர்வு விகிதம் குறைந்தது 4.5க்கு 1; பெரிய எழுத்துக்கு 3க்கு 1. வெள்ளையில் கறுப்பு 21க்கு 1. நிறங்களைக் கொடுத்தால் விகிதத்தைச் சொல்லும் கருவிகள் இணையத்தில் இலவசம். மஞ்சளில் வெள்ளை எழுத்துக்கு எந்தக் கருவியும் தேவையில்லை.

நிறத்தை மட்டும் நம்பித் தகவல் சொல்லாதீர்கள். 'சிவப்பில் உள்ளவர்கள் கட்டணம் செலுத்தவில்லை' என்றால், சிவப்பும் பச்சையும் பிரித்தறிய முடியாதவருக்கும் குரலில் கேட்பவருக்கும் எல்லோரும் ஒன்றுதான். பக்கத்தில் 'நிலுவை' என்று ஒரு சொல் போடுங்கள்.

காணொளி அனுப்புகிறீர்கள் என்றால் காது கேளாதவர்களுக்காக வசன வரி வேண்டும், அதுவும் தானாக வந்ததைத் திருத்திய பிறகு. பேசுபவர் பெயரையும் கதவு தட்டும் ஓசை போன்றவற்றையும் சேருங்கள். சைகை மொழியைத் தாய்மொழியாகக் கொண்டவர்களுக்கு எழுத்துத் தமிழ் இரண்டாம் மொழி என்பதால் வசன வரியோடு கடமை முடிந்தது என்று நினைத்துவிட வேண்டாம். அது தனிக் கட்டுரைக்கான விஷயம்.

7. பயன்படுத்துகிறவரிடம் கொடுங்கள்

வேர்டில் மறுபார்வைப் பகுதியில் அணுகல்தன்மைச் சரிபார்ப்பு இருக்கிறது. ஓட்டிப் பாருங்கள். மாற்று உரை இல்லாத படத்தைக் கண்டுபிடிக்கும். ஆனால் மாற்று உரையில் 'படம் 1' என்று எழுதியிருந்தால் சரி என்று விட்டுவிடும். அதனால் கடைசிச் சோதனை ஆளிடம்தான்.

திரைவாசிப்பானோடு தினமும் வாழ்கிற ஒருவரிடம் கோப்பைக் கொடுங்கள். 'நல்லா இருக்கா?' என்று கேட்காதீர்கள். மரியாதைக்கு நல்லா இருக்கு என்றுதான் சொல்வார்கள். ஒரு வேலை கொடுங்கள்: 'கட்டணம் கட்டக் கடைசி நாள் என்று எங்கே இருக்கிறது, கண்டுபிடித்துச் சொல்லுங்கள்.' அவர் போனின் பேச்சு வேகத்தைக் கேட்டு அசந்துவிடாதீர்கள். பழகியவர்கள் நமக்கு ஒரு சொல்கூடப் பிடிபடாத வேகத்தில் வைத்திருப்பார்கள். அடிக்கடி கேட்பதாக இருந்தால், நிறுவனத்துக்காகச் செய்வதாக இருந்தால், அந்த நேரத்துக்குப் பணம் கொடுங்கள். அது உழைப்பு. அதேபோல இதையெல்லாம் நாம் செய்கிற உபகாரமாக நினைக்கவும் வேண்டாம். 2006இல் ஐக்கிய நாடுகள் அவை ஏற்றுக்கொண்ட மாற்றுத்திறனாளிகள் உரிமை ஒப்பந்தத்தின் 9ஆவது உறுப்பு, தகவலை அணுகுவதையும் கட்டடத்துக்குள் நுழைவதையும் ஒரே மூச்சில் சொல்கிறது.

எல்லோருக்கும் ஒரே வடிவம் ஒத்துவராது. ஒருவர் பிரெயில் கேட்பார், ஒருவர் பெரிய எழுத்து, ஒருவர் வெறும் குறுஞ்செய்தி. அறிவிப்பின் கீழே ஒரு வரி போடுங்கள்: 'இது உங்களுக்கு வேறு வடிவத்தில் வேண்டுமென்றால் சொல்லுங்கள்', கூடவே ஒரு பெயரும் எண்ணும். அந்த எண்ணை எடுக்கிறவருக்கு விஷயம் தெரிந்திருக்க வேண்டும், அது இன்னும் முக்கியம்.

என் இரண்டாவது சுற்றறிக்கை வேர்டு கோப்பாகப் போனது. யூனிகோடு, தலைப்புகள், கடைசிப் பக்கத்தில் ஒழுங்கான வரவு செலவு அட்டவணை. அரை மணி நேரத்தில் அதே போன் வந்தது. நன்றி சொல்லப்போகிறார் என்று எடுத்தேன்.

"அண்ணே, செலவுல மொத்தம் தப்பா இருக்கே. கூட்டிப் பாத்தீங்களா?"

கூட்டிப் பார்த்தேன். தப்பாகத்தான் இருந்தது.